இயந்திரத் தாளமும் இறைமக்கள் பாட்டும்

"சுருதி மாதா, லயம் பிதா" என்பது நம் இசைப் பெரியோர் வாக்கு. சுருதி தாயைப் போல் அரவணைக்கும். லயம் தந்தையைப் போல் கட்டுக்குள் வைக்கும். ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் பங்கின் வரலாற்றை எழுதுவோர் கோயில் எழும்பிய கதையையும், கொடிமரம் நட்ட கதையையும், பணியாற்றிச் சென்ற குருக்களின் தியாகத்தையும் எழுதுவர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் பாடகர் குழு நிற்கும் மூலையில், ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில், நம் கண் முன்னே நடந்த ஒரு மாற்றத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. தோல் கட்டிய கருவி இருந்த இடத்தில் மின்சாரத்தில் இயங்கும் தாளப்பெட்டி வந்து அமர்ந்தது. அது எங்கிருந்து வந்தது? எதைக் கொடுத்தது? எதை எடுத்துக்கொண்டது? இவற்றைச் சிந்திப்பது நம் வழிபாட்டுக்கும் நம் பிள்ளைகளுக்கும் நன்மை பயக்கும் என்ற எண்ணத்தில் இச்சிறு கட்டுரையைப் பங்கு மக்கள் முன் வைக்கிறோம்.

மண்ணின் தாளம்

பொருநை பாயும் இப்பகுதியில் தாளத்திற்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. நெல்லும் வாழையும் வெற்றிலையும் விளையும் இந்த ஆற்றங்கரை ஊர்களில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு முழங்கும். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகிய அனைத்தும் சேர்ந்து எழுப்பும் தாளம் கதையோடு கூடவே நடக்கும். கதையில் துயரம் வந்தால் தளரும். சண்டை வந்தால் முடுகும். கணியான் கூத்தில் இரண்டு மகுடங்கள் ஒலிக்கும். ஒன்று மந்தமாகப் பேசும், மற்றொன்று உச்சத்தில் பேசும். தோல் தளர்ந்தால் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொள்வார்கள். ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றங்கரையில் ஒலிக்கும் மேளத்தைச் சமய வேறுபாடின்றி இவ்வூரார் அனைவரும் கேட்டே வளர்ந்தோம். நம் திருவிழாச் சப்பரத்துக்கு முன்னே சென்ற பேண்டு வாத்தியமும் அந்த மண்ணின் தாளத்தில் ஊறியதே.

இக்கலைஞர்கள் தாளில் எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தவர்கள் அல்லர். எதிரே பாடுபவரின் முகத்தைப் பார்த்து வாசித்தவர்கள். பாடுபவர் மூச்சு வாங்கினால் அவர்கள் கை நிற்கும். அவர் எடுத்தால் அவர்கள் கை எடுக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆலயத்துக்குள் மேளம்

செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் கஞ்சிரா போன்ற கருவியை எடுத்துக்கொண்டு பெண்களை ஆடலிலும் பாடலிலும் நடத்திச் சென்றதை விடுதலைப் பயண நூலின் 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 150ஆம் திருப்பாடல் எக்காளம், யாழ், மேளம், கைத்தாளம் என்று கருவிகளை ஒவ்வொன்றாக அழைத்து இறைவனைப் புகழச் சொல்கிறது. ஆயினும் ஆலயத்துக்குள் மேளத்திற்கு இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1903ஆம் ஆண்டு பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆணையில் பியானோவும், மேளம், கைத்தாளம் போன்ற பேரோசைக் கருவிகளும் ஆலயத்தில் கூடாது என்று விலக்கப்பட்டன. அன்றைய ஐரோப்பாவில் நாடக மேடையின் ஆரவாரம் ஆலயத்துக்குள் புகுந்துவிட்டதே அதற்குக் காரணம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் வேறு கதவைத் திறந்தது. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குத் தங்களுக்கே உரிய இசை மரபு உண்டு, அதற்குத் தக்க மதிப்பளிக்க வேண்டும் என்று அது கூறிற்று. ஆர்கனைப் போற்றியது, அதே வேளையில் ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாயும் மக்களின் பக்திக்கு உதவுபவையாயும் இருக்கும் பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. தமிழில் திருப்பலி வந்தது. தமிழ்ப் பாட்டுகள் பெருகின. பாட்டோடு தபேலாவும் டோலக்கும் உள்ளே வந்தன. இன்று மேளத்தைப் புதுமை என்று யாரும் சொல்வதில்லை.

புதிய கருவி வரும்போது ஐயம் எழுவது சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நம் அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. நம் முன்னோரின் பாட்டுக்குத் துணையிருந்த அந்த எளிய பெட்டியும் ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட விருந்தாளிதான்!

பெட்டிக்குள் புகுந்த தாளம்

இனி தாளப்பெட்டியின் பிறப்பைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சைடு மேன்'. நம் வழக்கில் சொன்னால் பக்கவாத்தியக்காரர்! பெட்டிக்குள் ஒரு தட்டு சுழலும். தட்டிலுள்ள தொடர்புப் புள்ளிகள் மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு விடும். அந்தந்த நேரத்தில் வால்வுகள் மேளம் போலவும் சிம்பல் போலவும் ஓசை எழுப்பும். வால்ட்ஸ், டாங்கோ, மார்ச் என்று 12 வகைத் தாளங்கள் அதில் இருந்தன. வீட்டில் தனியே ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக இருக்கட்டும் என்பதே நோக்கம்.

இப்பெட்டி ஜப்பானுக்குச் சென்றது. தோக்கியோ நகரில் ததாஷி ஒசனாய் என்ற அக்கார்டியன் கலைஞர் இதைத் துணைக்கு வைத்து வாசித்து வந்தார். அதன் தாளம் அவருக்கு நிறைவு தரவில்லை. "இதைவிடச் சிறந்ததை நாமே செய்யலாம்" என்ற எண்ணத்தோடு ட்சுடோமு கதோ என்பவரை அணுகினார். இருவரும் சேர்ந்து செய்த 'டொன்கா மாட்டிக்' 1963இல் வெளிவந்தது. 'டொன்', 'கா' என்பவை மேளத்தின் ஓசைகளை ஜப்பானியர் வாயால் சொல்லும் சொற்கள். நாம் 'தகதிமி' என்று சொற்கட்டுச் சொல்வதில்லையா? அது போலத்தான். கோர்க் என்று இன்று உலகம் அறியும் நிறுவனம் இப்படித்தான் தோன்றியது. நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: தாளப்பெட்டியை வளர்த்தவர் வெறும் இயந்திர அறிஞர் மட்டும் அல்லர். குறை கண்டு வருந்திய ஓர் இசைக்கலைஞரும் ஆவார்.

இன்னொருவர் இகுதாரோ ககெஹாஷி. 1930இல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயதிலேயே காசநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். இளம் வயதில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை நடத்தினார். பின்னர் அவரையும் காசநோய் பற்றியது. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவரை அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து பிழைக்கவைத்தது. கடிகாரத்தின் நேரத்தைச் சரிசெய்த அந்தக் கைகள்தாம் 1967இல் 'ரிதம் ஏஸ்' என்ற தாளப்பெட்டியையும், 1972இல் ரோலண்டு நிறுவனத்தையும் உருவாக்கின. 2017இல் அவர் மறைந்தார்.

கைக்கு எட்டிய விலை

1980ஆம் ஆண்டை இக்கதையின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில் கிட்டார் கலைஞரான ரோஜர் லின் என்ற அமெரிக்கர் மெய்யான டிரம்ஸ் ஒலியைப் பதிவு செய்து இயந்திரத்துக்குள் வைத்த 'எல்.எம்.-1' என்னும் கருவியை வெளியிட்டார். விலை 4,995 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி ஏறக்குறைய 39,000 ரூபாய்! பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே அது கட்டுபடியாயிற்று. அதே ஆண்டில் ரோலண்டு நிறுவனம் 'டி.ஆர்.-808' என்ற பெட்டியை 1,195 டாலருக்குக் கொண்டுவந்தது. இதில் மெய்யான மேளத்தின் ஒலி இல்லை. மின்சுற்றுகளே ஓசையை உண்டாக்கின. "இது மேளம் போலவே இல்லையே" என்று பலர் குறை கூறினர். 1983இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 12,000 பெட்டிகளே செய்யப்பட்டிருந்தன.

ஆனால் கட்டடத்தை எழுப்புவோர் விலக்கிய கல் மூலைக்கல் ஆவது உண்டு அன்றோ? பழைய பொருள் கடைகளில் மலிந்த விலைக்கு வந்த இந்தப் பெட்டிகளை அமெரிக்காவின் ஏழை இளைஞர்கள் வாங்கினர். மேளக்காரருக்குக் கூலி கொடுக்கவும் கூடத்துக்கு வாடகை கொடுக்கவும் வழியில்லாத அவர்கள், ஒரு சிறு அறையில் அமர்ந்து புதிய இசை வகைகளையே படைத்துவிட்டனர். சிறுவயதில் தந்தையின் சபையில் பாடி வளர்ந்த மார்வின் கே என்ற பாடகர், கடனும் துயரமும் துரத்த பெல்ஜியம் நாட்டின் ஒஸ்டெண்டு என்ற கடற்கரை நகரில் ஒதுங்கியிருந்தபோது இந்தப் பெட்டியைத்தான் துணையாகக் கொண்டார். அங்கு பிறந்த பாடல் 1982இல் உலகெங்கும் ஒலித்தது.

இதனினும் எளிய கருவி கேசியோ நிறுவனத்தின் சிறு கீபோர்டு. 1981இல் வந்த 'எம்.டி.-40' ஏறக்குறைய 150 டாலர் விலையில், தாளத்தையும் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. அதன் தாளங்களை அமைத்தவர் இசைக் கல்லூரியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். அவர் அமைத்த ஒரு தாளம் 1985இல் கடல் கடந்து ஜமைக்கா தீவின் இசையையே மாற்றியமைத்தது. ஏழை நாடுகளின் இசைக்கலைஞர் கைக்கு எட்டிய முதல் தாளப்பெட்டி இத்தகைய கீபோர்டுகளே என்றால் மிகையாகாது.

பம்பாயிலும் சென்னையிலும்

நம் நாட்டில் இக்கருவியை முதலில் துணிந்து கையாண்டவர்களுள் சரண்ஜித் சிங் குறிப்பிடத்தக்கவர். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த இவர், சிங்கப்பூர் சென்றபோது 808 பெட்டியையும் அதனோடு சேர்ந்த சில மின்கருவிகளையும் வாங்கி வந்தார். அவற்றில் பழகிப் பழகி, 1982இல் பத்து இராகங்களை இயந்திரத் தாளத்தோடு இணைத்து ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். அன்று அது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பாக வந்தபோது, மேலை நாட்டார் பின்னாளில் கண்டடைந்த இசை வடிவத்தை இவர் முன்னரே தொட்டிருக்கிறார் என்று உலகம் வியந்தது. 2015இல் அவர் மறைந்தார். முதுமையிலாவது அப்புகழைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

சென்னையில் 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா யமஹா நிறுவனத்தின் இசைக் கணினியைப் பயன்படுத்தினார். அக்காலத்தில் அவர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களுள் ஒருவர் பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் எனப் புகழ்பெற்றார். அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின், வீட்டிலிருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் பிழைத்தது. கருவி வாங்க வழியில்லாதோர் வாடகைக்கு எடுக்கும் காலம் அது! 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது, கணினியும் தாளப்பெட்டியும் தமிழ் இசையின் முகத்தை மாற்றிவிட்டதைச் சிற்றூர் மக்களும் உணர்ந்தனர்.

ஏரலுக்கு வந்த பெட்டி

நம் பகுதிக்கு இக்கருவிகள் கப்பலிலும் விமானத்திலும் பெட்டிக்குள் பெட்டியாக வந்தன. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் விடுமுறையில் வரும்போது, டேப் ரிக்கார்டருக்கும் சேலைகளுக்கும் நடுவே ஒரு சிறு கீபோர்டையும் வைத்துக் கொண்டுவந்தனர். எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அதற்கு நம்மிடம் 'கேசியோ' என்றே பெயர். தாளம் மட்டும் தரும் பெட்டி 'ரிதம் பாக்ஸ்' ஆயிற்று. கச்சேரிக் குழுக்களில் அதைப் பார்த்த இளைஞர்களுக்கு, நம் கோயிலிலும் அது ஒலிக்க வேண்டும் என்ற ஆவல் பிறந்தது இயல்பே.

அது தந்த நன்மைகளை மறைக்கலாகாது. மேளம் வாசிக்கத் தெரிந்தவர் வேலை தேடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்விட்ட காலத்தில், பாடகர் குழுவுக்கு இப்பெட்டி ஊன்றுகோலாயிற்று. பாடப் பாட வேகம் ஏறுவது பயிற்சியில்லாத குழுக்களின் பொதுவான குணம். முதல் சரணத்தில் நடந்து, மூன்றாம் சரணத்தில் ஓடுவோம்! பெட்டியை முன்னால் வைத்துப் பயிற்சி செய்தபோது, காலப்பிரமாணம் என்றால் என்ன என்பது சிறு பிள்ளைகளுக்கும் விளங்கிற்று. சலிப்பில்லாமல் நூறு முறை ஒரே அடியைத் திரும்ப வாசிக்கும் ஆசிரியர் வேறு எங்கே கிடைப்பார்?

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. வோல்டேஜ் குறைந்தால் பாட்டின் நடுவே பெட்டி ஊமையாகும். பேட்டரி எலிமினேட்டர் போட்டால் ஒலிபெருக்கியில் 'உம்' என்று ஓர் இரைச்சல் கூடவே பாடும். பேட்டரிக் கட்டைகளோ ஒரு நவநாள் முடிவதற்குள் தீர்ந்துவிடும். இன்னொரு வேடிக்கை உண்டு. அக்காலக் குழாய் ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஒலியை வெளியே விடமாட்டா. ஆகவே பெரிய மேளத்தின் கனத்த அடி கோயிலுக்கு வெளியே நின்றவர் காதுக்கு எட்டாது. 'டிக் டிக்' என்ற சிம்பல் ஓசை மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். உள்ளே இருந்தவருக்கு அது மேளம். வெளியே நின்றவருக்கு அது கடிகாரம்!

ஏழுக்கும் ஐந்துக்கும் இடமில்லை

இக்கருவிகளைச் செய்தவர்கள் தங்கள் நாட்டுப் பாட்டுகளை மனத்தில் வைத்தே செய்தனர். நான்கின் மடங்கில் நடக்கும் ராக்கும் டிஸ்கோவும், மூன்றில் நடக்கும் வால்ட்ஸும் பொத்தானை அழுத்தினால் வந்தன. நம் ஆதி தாளப் பாட்டுகள் முதல் வகையிலும், திஸ்ர நடைப் பாட்டுகள் இரண்டாம் வகையிலும் ஒருவாறு அடங்கின. ஆனால் தகிட தகதிமி என்று ஏழாக நடக்கும் மிச்ர சாப்புக்கும், தக தகிட என்று ஐந்தாக நடக்கும் கண்ட சாப்புக்கும் அங்கே பொத்தான் இல்லை.

நாமே தாளம் அமைத்துக்கொள்ளும் வசதியுள்ள பெட்டிகளில் இதற்கு வழி உண்டு. 808 போன்ற கருவியில் ஒரு சுற்று 16 படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் படியில் எந்த ஒலி விழவேண்டும் என்பதை நாம் குறிக்கலாம். சுற்றை 16க்கு முன்னரே முடித்துக்கொள்ளவும் செய்யலாம். ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு படி என்று கொண்டால், 14 படியில் மிச்ர சாப்பு முடியும். 10 படியில் கண்ட சாப்பு முடியும். 12 படியில் திஸ்ரம் நடக்கும். கணக்கு தெரிந்தவருக்கு இது எளிது. ஆனால் நம் கைக்கு எட்டிய மலிவான கீபோர்டுகளில் இவ்வசதி இல்லை. அவர்கள் வைத்துத் தந்ததே தாளம்.

விளைவு என்ன? சாப்பில் அமைந்த பழைய பாட்டுகள் மெல்ல மெல்ல ஒதுங்கின. பெட்டிக்கு ஏற்ற பாட்டுகளே ஞாயிறுதோறும் திரும்பத் திரும்ப வந்தன. எவரும் அந்தப் பாட்டுகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொத்தான் இல்லை, அவ்வளவே! பாட்டுக்குத் தாளம் என்ற நிலை மாறித் தாளத்துக்குப் பாட்டு என்ற நிலை இவ்வாறு ஓசையின்றி வந்து சேர்ந்தது.

காத்திருக்கத் தெரியாத கருவி

இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. கோயிலில் பாடுவோர் மேடைக் கலைஞர் அல்லர். வயலிலிருந்து வந்தவரும், கடையைப் பூட்டிவிட்டு வந்தவரும், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் பாட்டியும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டிமார் ஒவ்வோர் அடியின் முடிவையும் இழுத்துப் பாடுவார்கள். அது அவர்கள் செபிக்கும் முறை. காணிக்கைப் பவனி ஒரு நாள் நீளும், ஒரு நாள் குறுகும். நற்செய்தி வாசிப்பவர் வாசக மேடையை அடையும்வரை அல்லேலூயா தொடர வேண்டும். அடைந்ததும் அமைய வேண்டும்.

டோலக் வாசிப்பவர் இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். மக்கள் பின்தங்கினால் அவர் கை தளரும். குரு பீடத்தண்டை வந்துவிட்டால் அவர் கை தணிந்து முடிக்கும். பெட்டி அப்படிச் செய்யாது. குறித்த வேகத்தில், குறித்த கனத்தில், நிறுத்தும்வரை அது போய்க்கொண்டே இருக்கும். மக்கள் அரை அடி பின்தங்கிவிட்டால் பெட்டி திரும்பிப் பார்க்காது. அப்போது பாடகர் குழு என்ன செய்தது? மக்களை விட்டுவிட்டுப் பெட்டியோடு ஓடிற்று. சில வாரங்களில் மக்கள் பாடுவதை நிறுத்திக் கேட்கத் தொடங்கினர். குழுவின் பாட்டு முன்னிலும் ஒழுங்காயிற்று. கோயிலின் பாட்டு குறைந்தது. இந்த உண்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூலி இழந்த கைகள்

தாளப்பெட்டியால் பிழைப்பு இழந்தவர்களையும் மறக்கலாகாது. 1982இல் இலண்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் கிளையொன்று மின்னிசைக் கருவிகளையும் தாளப்பெட்டிகளையும் தடைசெய்யக் கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. சென்னையில் பாட்டுப் பதிவுக்குப் பத்துப் பேர் தாளக் கருவி வாசித்த இடத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தும் காலம் வந்தது. சிற்றூர்க் கச்சேரிக் குழுக்களிலும் அப்படியே. திருவிழா இரவில் தபேலாவும் டிரம்ஸும் காங்கோவும் வாசித்த மூவருக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுத்த குழு, ஒரு ரிதம் பேடு வாசிப்பவரோடு வரத் தொடங்கிற்று. தோல் கட்டுவோரும் வார் பிடிப்போரும் அவர்களோடு சேர்ந்து வேலை இழந்தனர்.

இதற்காகக் கருவியைச் சபிப்பது முறையன்று. அதே கருவிதான் பணமில்லாத இளைஞர் பலரை இசையமைப்பாளராக்கியது. ஒரு கதவை அடைத்து ஒரு கதவைத் திறந்தது. ஆனால் அடைபட்ட கதவுக்கு முன்னால் நின்றவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதை அறிந்திருப்பது நம் கடமை.

திருச்சபை முன்னரே எண்ணிப் பார்த்தது

வியப்புக்குரிய செய்தி ஒன்றை இங்கே கூறவேண்டும். 'சைடு மேன்' பெட்டி விற்பனைக்கு வருவதற்கு ஓராண்டு முன்னதாக, 1958 செப்டம்பர் 3 அன்று, பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்தில் உரோமையிலிருந்து திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை ஏடு ஒன்று வெளிவந்தது. ஒருவர் தம் கையால் வாசிக்கும் கருவிகளையே திருவழிபாட்டில் பயன்படுத்த வேண்டும். தானாக இயங்கும் கருவிகள் கூடா என்று அது தெளிவாகக் கூறிற்று. தானியங்கி ஆர்கனும், இசைத்தட்டும், ஒலிநாடாவும் பாடகரின் குரலுக்கு மாற்றாகவோ, அதைத் தாங்கவோகூடப் பயன்படலாகாது என்றது.

அது பழைய காலக் கண்டிப்பு என்று சிலர் கூறலாம். சட்டத்தின் எழுத்தை விட்டு அதன் உள்ளத்தைப் பார்ப்போம். வழிபாடு என்பது ஆள் ஆளாகத் தரும் காணிக்கை. மெழுகுதிரி தன்னை உருக்குகிறது. மலர் தன்னைத் தருகிறது. பாடுபவர் மூச்சைத் தருகிறார். மேளம் வாசிப்பவர் கையின் உழைப்பைத் தருகிறார். பெட்டி எதைத் தருகிறது? பிழையில்லாத தாளத்தைத் தருகிறது. ஆனால் தருபவர் அங்கே இல்லை. 1958இல் அந்த ஏட்டை எழுதியவர்கள் இன்றைய கீபோர்டைக் கண்டதில்லை. எனினும் அவர்கள் கேட்ட கேள்வி இன்றும் நம்மைக் கேட்கிறது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையையும், பொருநையில் வந்த வெள்ளத்தையும், ஏரல் பாலம் உடைபட்டதையும் நம்மில் எவரும் மறக்கமாட்டோம். ஒரு வாரத்தில் கிறிஸ்து பிறப்பு விழா. நனைந்த மின்கருவிகள் பயன்படாமற் போயின. அப்போது நமக்கிருந்த தாளம் ஜால்ராவும் கைத்தட்டுமே. வீடு வாசலில் சேறு படிந்திருந்த நிலையிலும் மக்கள் பாடினர், மெதுவாகப் பாடினர், சேர்ந்து பாடினர். முந்திச் செல்ல அங்கே யாரும் இல்லை.

நாம் செய்யத்தக்கவை

இன்று தாளப்பெட்டி வாங்கவேண்டிய தேவையே இல்லை. கைப்பேசியிலேயே சாப்பும் சம்பையும் கிடைக்கின்றன. ஏழுக்கும் ஐந்துக்கும் அன்று இல்லாத பொத்தான் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. ஆதலால் கருவி கிடைக்கவில்லை என்ற காரணம் இனி செல்லாது. வாசிக்க ஆள் உண்டா என்பதே கேள்வி.

ஜூபிலி ஆண்டின் நினைவாகப் பங்கு மக்களிடம் மூன்று கருத்துகளைப் பணிவோடு முன்வைக்கிறோம். முதலாவது, இயந்திரத் தாளத்தைப் பயிற்சிக்கு ஆசிரியராகக் கொள்வோம். வீட்டிலும் ஒத்திகையிலும் அது நமக்குக் காலப்பிரமாணம் கற்பிக்கட்டும். இரண்டாவது, பெட்டியால் ஒதுங்கிப்போன பழைய சாப்புத் தாளப் பாட்டுகளை மூத்தோர் வாயிலிருந்து கேட்டுப் பதிவு செய்து, ஆண்டுக்கு ஒன்றையாவது மீண்டும் கோயிலில் ஒலிக்கச் செய்வோம். இன்று நம்மிடம் உள்ள பாட்டிமாரைத் தவிர அவற்றுக்கு வேறு ஏடு இல்லை. மூன்றாவது, ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் ஒரு சிறுவனையோ சிறுமியையோ தபேலாவோ டோலக்கோ கற்க அனுப்புவோம். கற்பிக்கத் தெரிந்த கலைஞர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தக்க ஊதியம் கொடுத்து அழைப்போம். புதிய ஒலிபெருக்கிக்கு நன்கொடை கேட்டால் தரும் நாம், ஒரு பிள்ளையின் கைக்குத் தாளம் கற்றுத்தரவும் தரமாட்டோமா?

தாளம் தவறாத கருவியை மனிதன் செய்துவிட்டான். அது அவனுக்குப் பெருமையே. ஆனால் பின்தங்கி வருபவருக்காக ஓர் அடி காத்திருக்கும் கருவியை இன்றுவரை மனிதனின் கைதான் வாசிக்கிறது. நம் பங்கின் பிள்ளைகள் அந்தக் கையைப் பெற்று வளர்வார்களாக! மூத்தோரும் இளையோரும், பாடத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே நடையில் சேர்ந்து பாடும் பங்காக நம் பங்கு பல்லாண்டு வாழ்க!